கிளாஸ்கோ வகுப்பறைக்குச் சேலை சரிப்படுமா?

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 12 ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். சேலையும் அதன்மேல் அணியும் ஓவர்கோட்டும்தான் இதுவரை என் வகுப்பறை உடை. வரும் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேரவிருக்கிறேன். சேலை கட்டினால் வேடிக்கை பார்ப்பார்கள், பேண்ட், கோட்டுக்கு மாறிவிடு என்கிறார் கணவர். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரே போதும் என்கிறார் மாமியார். நான் எதை உடுத்துவது, இங்கிருந்து எதை வாங்கிச் செல்வது? தாலி, பொட்டு, மெட்டி இவற்றை என்ன செய்வது?
— ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நான்கு ஆண்டுகள் கற்பித்துவிட்டுத் திரும்பியவள் என்பதால், உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் விவாதம் எனக்குப் பழக்கமானது. பிரிட்டனின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்கள் இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று எழுதப்பட்ட விதி கிடையாது. ஒரே துறையில் ஒருவர் கோட்டு சூட்டுடன் வருவார், இன்னொருவர் சாயம் போன ஜீன்ஸுடன் வருவார், மாணவர்கள் இருவரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். நம் கல்லூரிகளில் ஓவர்கோட்டைப் பார்த்ததும் வகுப்பு எழுந்து நிற்கிறதே, அந்த வேலையை அங்கே எந்த உடையும் செய்யாது. எனவே சேலையா, பேண்டா என்ற கேள்வியைவிட, எதை உடுத்தினால் 50 நிமிட விரிவுரையில் ஒருமுறைகூட உடையைப் பற்றி நினைக்காமல் உங்களால் பாடம் நடத்த முடியும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த அளவுகோலில் சேலைக்கு நல்ல மதிப்பெண்ணும் உண்டு, சில குறைகளும் உண்டு. வேடிக்கை பார்ப்பார்கள் என்ற அச்சம் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். இரண்டொருவர் அழகாக இருக்கிறது என்பார்கள், அதன்பின் யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்மையான தொல்லை கரையில் இருக்கிறது. கிளாஸ்கோவில் ஆண்டின் எந்த மாதத்திலும் மழை பெய்யும், அதுவும் காற்றோடு சாய்வாகப் பெய்யும். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருவதற்குள் சேலைக் கரை முழங்கால் வரை நனைந்து, நாள் முழுவதும் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு லீட்ஸிலேயே உண்டு. அதன்பிறகு பேண்ட்டில் வந்து அலுவலக அறையில் சேலைக்கு மாறும் வழக்கத்தைக் கொஞ்ச நாள் பின்பற்றினேன். பிறகு மழை நாளில் சேலையையே தவிர்த்தேன்.

இரண்டாவது தொல்லை ஒலிவாங்கி. பெரிய விரிவுரைக் கூடங்களில் சட்டையில் மாட்டும் சிறிய மைக்கைத் தருவார்கள். அதனோடு இணைந்த பெட்டியை இடுப்பில் சொருக வேண்டும். பெட்டியை உள்பாவாடை நாடாவில் மாட்டிவிடலாம். ஆனால் மைக்கை முந்தானைப் பக்கத்தில் குத்தினால் துணி உரசும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும், ஆகவே எதிர்ப்பக்க ரவிக்கைக் கழுத்தில் குத்துங்கள். விரிவுரைகளைப் படமெடுத்து மாணவர்களுக்கு வழங்குவதும் அங்கே பரவலான வழக்கம் என்பதால், நுண்கோடு போட்ட துணியை அந்த நாள்களில் தவிர்க்கலாம். காணொளியில் அந்தக் கோடுகள் நெளிந்து கண்ணைக் கூசச் செய்யும்.

ஏற்காட்டு ஸ்வெட்டர் விஷயத்தில் மாமியாரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். ஏற்காட்டின் மார்கழி இரவில் நாம் போர்த்திக்கொண்டு நடுங்குவது ஏறக்குறைய 13 டிகிரிக்கு. கிளாஸ்கோவில் ஜூலை மாத இரவே அதற்கும் சற்றுக் கீழே போகும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வெளியே உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும், கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் வெப்பமூட்டிய 20 டிகிரி இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரே கனமான உடை உதவாது. கழற்றிக்கொண்டே வரக்கூடிய மெல்லிய அடுக்குகள் வேண்டும். சேலைக்கு உள்ளே தடித்த கம்பளி லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு வந்தால், வகுப்பின் நடுவே வியர்க்கும்போது அதைக் கழற்ற வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே தலைமூடியுடன் கூடிய மழைக்கோட்டு, குளிர்கோட்டு, பூட்ஸ் மூன்றையும் இங்கே வாங்காதீர்கள். தலைமூடி ஏன் என்றால், அந்தக் காற்றில் குடை மடங்கிப் பின்பக்கம் திரும்பிவிடும். இவற்றை அங்கே போய் ஒரு வாரம் சக ஆசிரியர்கள் உடுத்துவதைப் பார்த்துவிட்டு வாங்கலாம். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டே மலிவாகக் கிடைக்கும். நம்மூரிலிருந்து கொண்டுபோக வேண்டியது தையல்காரரின் உழைப்பு, ஏனென்றால் அங்கே அதுதான் விலை அதிகம். முழுக்கை வைத்த, கழுத்து உயர்ந்த நான்கைந்து ரவிக்கைகளையும், பக்கவாட்டில் பை வைத்த முழங்கால் வரையிலான பருத்திக் குர்த்திகளையும் தைத்துக்கொள்ளுங்கள். குர்த்தியும் அடர்நிறப் பேண்ட்டும் வாரத்தில் நான்கு நாள் உங்களைக் காப்பாற்றும். சேலைகளில் சுருங்காத, எடை குறைந்த இரண்டு மூன்று சேலைகளும் (சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்தவை), பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு பட்டும் போதும். அந்த விழாவில் அங்கியின் பின்பக்க மடிப்புத்துணி தன் எடையால் பின்னோக்கி இழுத்துக் கழுத்தை அழுத்தும். சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கு அதில் ஒரு வளையம் இருக்கும். சேலைக்காரர்கள் ஊக்கால் ரவிக்கையில் குத்திவிட வேண்டும்.

பொட்டும் தாலியும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் நீங்கள் இயற்பியல் ஆசிரியர்: லேசர் ஆய்வகத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள், தாலிக்கொடி ரவிக்கைக்குள் இருக்க வேண்டும், முந்தானையும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது. அது சமய வேறுபாடு பார்க்கும் விதி இல்லை, கண்ணைக் காக்கும் விதி. கொலுசை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அமைதியான தேர்வுக் கூடத்தில் அது ஒலிப்பது நமக்கே கூச்சமாக இருக்கும். மெட்டி மட்டும்தான் உண்மையில் வலிக்கும், தடித்த காலுறையும் பூட்ஸும் சேர்ந்து பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கும். விளிம்பு தட்டையான மெல்லிய மெட்டியாக மாற்றிக்கொண்டால் அந்தச் சிக்கல் குறையும்.

மாமியாரின் ஸ்வெட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். வெளியே அது போதாது என்றாலும், அலுவலக அறையின் நாற்காலியில் எப்போதும் தொங்கவிடுவதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.