குழியில் வேகும் கிறிஸ்துமஸ் விருந்து: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஃபிஜி கிராமங்களில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டை ‘லோவோ’ என்ற மண் அடுப்பில் வேகவைப்பார்களாமே. 20 பேருக்கு எப்படி அடுப்பு போடுவது?

பதில்: ஒரு மீட்டர் அகலத்தில் முழங்கால் ஆழக் குழி போதும். ஆனால் டிசம்பர் அங்கே மழைக்காலம், புயல் மாதமும் அதுதான். ஈரமண் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து வெட்டுங்கள்.

குழியில் விறகை அடுக்கி, அதன்மேல் கற்களைக் குவித்துப் பற்றவைக்க வேண்டும். கெட்டியான எரிமலைக் கல் நல்லது. ஆற்றிலிருந்து அப்போதே எடுத்துவந்த ஈரக்கல் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே வெடித்துச் சிதறடிக்கும். முன்பு லோவோவில் சுட்டு, விரிசல் விடாத கல் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதைவிட நம்பகமானது இல்லை.

கற்கள் முதலில் கரி பிடித்துக் கறுக்கும். அந்தக் கரியும் எரிந்துபோய்ச் சாம்பல் வெள்ளையாக மாறினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அவசரப்படாதீர்கள், அப்புறம் நெருப்பு கிடையாது. இந்தக் கல்லின் சூடு மட்டும்தான்.

பிறகு எரியாத கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, கற்களைச் சமமாகப் பரப்பி, மேலே பச்சைத் தென்னை மட்டைகளை அடுக்குங்கள். இறைச்சி அடியில். அதன்மேல் ‘தாலோ’ எனப்படும் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும். இலைப் பொட்டலங்களும் மீனும் உச்சியில். வாழையிலையால் கனமாக மூடி, நனைத்த சாக்கு விரித்து, மண்ணை அள்ளிப் போடுங்கள். எங்காவது மெல்லிய நூலாக ஆவி கசிந்தால் அந்த இடத்தில் இன்னும் ஒரு கை மண். இரண்டரை மணி நேரத்தில் வெந்துவிடும். முழுப்பன்றி என்றால் வயிற்றுக்குள்ளும் சுட்ட கல் வைக்க வேண்டும், நேரமும் கூடும்.

தேவாலயத்துக்கு அழைக்கும் ‘லாலி’ மர முரசு ஒலிப்பதற்குள் மண் போட்டு மூடிவிட்டால், ஆராதனை முடிந்து வரும்போது திறக்கலாம்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் சாப்பாட்டில் கசப்பான புகை வாடை. ஏன்?

பதில்: பாதி எரிந்த கட்டை ஒன்று உள்ளேயே தங்கியிருக்கும். மூடிய குழியில் அது புகைந்துகொண்டே கிடக்கும்.

கேள்வி: ‘பாலுசாமி’ சாப்பிட்டால் தொண்டை அரிக்கிறது. தேங்காய்ப்பால் கெட்டுவிட்டதா?

பதில்: பாலில் குறையில்லை, இலை வேகவில்லை. பேர் தமிழ்போல் ஒலித்தாலும் இது தீவுப் பண்டம்: சேம்பு இலைக்குள் கெட்டித் தேங்காய்ப்பால், வெங்காயம், உப்பு, விரும்பினால் டின் மாட்டிறைச்சி வைத்துக் கட்டுவது. சேம்பு இலையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அவைதான் குத்துகின்றன. இளம் இலையாக எடுத்து, காம்பையும் தடித்த நடுநரம்பையும் நீக்கிவிட்டு, குழைய வேகவிடுங்கள். பொட்டலத்தைப் பிரித்தால் இலை பசையாகக் கரைந்திருக்க வேண்டும். தனித்தனியாக உரிந்து வந்தால் மறுபடி வேகவையுங்கள்.

கேள்வி: பண்டிகைக்கு ஒரு கிராமத்தில் விருந்தாளியாகத் தங்கப் போகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: ‘யங்கோனா’ வேர். வெளியூரில் காவா என்பார்கள். சந்தையில் கட்டாகவே கிடைக்கும். அரை கிலோ மரியாதையான அளவு. ஊருக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக அதை ஊர்த்தலைவரிடம் கொடுத்து அனுமதி கேட்பதற்குப் பெயர் ‘செவுசெவு’. அது முடியாமல் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டையும் ஊர் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். இடுப்பில் வேட்டிபோலச் சுற்றும் ‘சுலு’ துணி கட்டினால் நல்லது. குழந்தையே ஆனாலும் யார் தலையையும் தொடக் கூடாது.

வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, கையைக் குவித்து ஒருமுறை தட்டி, ‘புலா’ என்று ஃபிஜி மொழியில் வாழ்த்துச் சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு மூன்றுமுறை தட்ட வேண்டும். உதடும் நாக்கும் சற்று மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மதுவோடு மட்டும் சேர்க்காதீர்கள்.