மாம்பழச் சாறு கொட்டிய லேப்டாப்: ‘போர்டு போச்சு’ என்றால் நம்பலாமா?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பர்கூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடம் முன்பு அவளுக்காக 2017 மாடல் மேக்புக் ஏர் ஒன்றைப் பழையதாக ரூ.26,000 கொடுத்து வாங்கினோம். போன மாதம் வீட்டில் அடித்த மாம்பழச் சாறு கீபோர்டு மேல் கவிழ்ந்துவிட்டது. உடனே துடைத்து, அரிசி மூட்டைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தோம். பிறகு ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது சார்ஜரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. பேட்டரி படத்தின் மேல் பெருக்கல் குறி. ஃபேன் ஓயாமல் இரைகிறது, எதைத் திறந்தாலும் ஆமை வேகம். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ‘போர்டு போச்சு, மாற்ற ரூ.19,000’ என்றார்கள். இன்னொரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ‘பேட்டரிதான், ரூ.6,500’ என்கிறார்கள். யாரை நம்புவது? அவளுடைய புராஜெக்ட் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.
- வாசகி, போச்சம்பள்ளி

பதில்: முதலில் புராஜெக்ட். இந்த மாடலில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடிய ஒரு சிறு பட்டை. போர்டு, அதாவது சிப்புகள் பதித்த முதன்மை சர்க்யூட் பலகை, முழுவதும் செத்தே போனாலும், அதற்குரிய அடாப்டரில் செருகி ஃபைல்களை எடுத்துவிடலாம். பாஸ்வேர்டு மட்டும் மகளுக்கு நினைவிருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும், காப்பி எடுத்து முடிக்கும்வரை அந்த எஸ்எஸ்டியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். (2018 முதல் வந்த ஏர் மாடல்களில் இந்த வசதி இல்லை. அவற்றில் சேமிப்பு சிப்புகள் போர்டிலேயே பற்றவைத்து சோல்டர் செய்யப்பட்டிருக்கும். அதை வைத்திருப்பவர்கள் காப்பி எடுக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.)

அடுத்தது அரிசி. நம் பக்கத்தில் போன் நனைந்தாலும் லேப்டாப் நனைந்தாலும் அரிசிதான் முதல் வைத்தியம். ஆனால் உங்கள் லேப்டாப்புக்குள் போனது வெறும் தண்ணீர் இல்லை. சாற்றில் இருந்த ஈரம் காய்ந்தாலும், சர்க்கரையும் புளிப்பும் போர்டு மேலேயே படிந்து நிற்கும். காற்றின் ஈரம் பட்டால் மறுபடி பிசுபிசுக்கும். லேப்டாப்பை அணைத்து வைத்தாலும், பேட்டரி கனெக்டர் இணைந்திருக்கும்வரை போர்டின் சில பாதைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பில் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்கும், சோல்டர் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு படுத்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே இனி ‘ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ வேண்டாம். சார்ஜரை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கடைக்காரர்கள் சொன்னதும் மீட்டர் வைத்து வோல்ட் அளக்காமல் சொன்ன பதில்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. மின்சாரத்தை நிர்வகிக்கும் எஸ்எம்சி என்ற சிப், பேட்டரியோடு இரண்டு மெல்லிய டேட்டா பாதைகள் வழியாகப் பேசிக்கொண்டே இருக்கும்: எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எவ்வளவு சூடு என்று. அந்தப் பேச்சு அறுந்தால் பேட்டரி இல்லை என்றே முடிவு கட்டிவிடும். பெருக்கல் குறி வந்தது அதனால்தான். பேட்டரி துணைக்கு இல்லாமல் சார்ஜரை மட்டும் நம்பி ஓட வேண்டியிருப்பதால் பிராசசர் வேகத்தை அதுவே குறைத்துவிடும், ஃபேனையும் விரட்டும். ஆமை வேகத்துக்குக் காரணம் பிராசசர் கெட்டது இல்லை. சார்ஜரில் ஓடுகிறது, திரை தெரிகிறது என்றால் பிராசசர், மெமரி, டிஸ்ப்ளே எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இப்படி ஒரு போர்டைப் ‘போச்சு’ என்று சொல்லி ரூ.19,000 கேட்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அப்படியானால் பேட்டரியா, போர்டா? இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கடையில் இருக்கும் வேறொரு நல்ல பேட்டரியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதை லேப்டாப் அடையாளம் கண்டால் உங்கள் பேட்டரிதான் பழுது. அதையும் காணவில்லை என்றால் கோளாறு போர்டில், அப்போது ரூ.6,500 கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கினாலும் பெருக்கல் குறி அப்படியே நிற்கும். அந்த இரண்டு டேட்டா பாதைகளும் மீட்டரில் சுமார் 3.4 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலோ பூஜ்யம் காட்டினாலோ, பேட்டரி கனெக்டர் பின்னிலோ அந்தப் பாதையில் இருக்கும் ரெசிஸ்டர் என்ற கடுகளவு பாகத்திலோ அரிப்பு இருக்கிறது என்று பொருள். அந்த ரெசிஸ்டர் சில ரூபாய்ப் பொருள்தான். மைக்ரோஸ்கோப்பின் கீழ் அதை மாற்றும் கைத்திறனுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்தக் காசை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

சார்ஜர் முனையில் எரியும் விளக்கின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. போகும்போது அதையும் கவனித்துச் சொல்லுங்கள். பச்சையிலேயே நின்றால் மேலே சொன்ன வழிதான். நல்ல பேட்டரியை அடையாளம் கண்ட பிறகும் விளக்கு ஆரஞ்சுக்கு மாறாமல், சார்ஜ் ஏறாமல் இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சிப்பான சார்ஜிங் ஐசியையும் அதன் பக்கத்தில் கரன்டை அளக்கும் ரெசிஸ்டர்களையும் பார்க்க வேண்டும். விளக்கு மங்கி மங்கி எரிந்தாலோ எரியாமலே போனாலோ, முதலில் சார்ஜர் பின்னையும் இடப்பக்க ஜாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாடலில் ஜாக் இருப்பது ஒரு தனிச் சிறு போர்டில். ஒரு கேபிள் அதைப் பெரிய போர்டோடு இணைக்கிறது. சாறு அங்கே மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிறு போர்டையும் கேபிளையும் மாற்றினாலே முடிந்துவிடும்.

எந்தப் பழுதாக இருந்தாலும் போர்டைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். ஒலி அதிர்வால் அழுக்கை உதறும் அல்ட்ராசானிக் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. சிப்புகளுக்கு அடியில் போன சர்க்கரைக்கு பிரஷ் எட்டாது. தின்னரில் கழுவுகிறோம் என்றால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

எவ்வளவு வரை செலவு செய்யலாம்? இந்த மாடலுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி மேக்ஓஎஸ் (மேக்கின் இயங்குதளம்) மான்டெரேதான், அதற்கு மேல் ஏறாது. ஆகவே நானாக இருந்தால் சர்வீஸ், பேட்டரி எல்லாம் சேர்த்து ரூ.7,000 தாண்டினால் எஸ்எஸ்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை அடுத்த லேப்டாப்புக்கு வைத்துக்கொள்வேன்.

லேப்டாப்பை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட் என்ற வேலைச் சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். சீரியல் நம்பர், இப்போது உள்ள கோளாறு, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, பார்க்கும் கட்டணம், சரியாகாவிட்டால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது, என்ன மாற்றினோம் என்று பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உண்மையாக அளந்து பார்த்தவர் தயங்காமல் எழுதுவார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தேநீர் கொட்டிய லேப்டாப்பை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து ரூ.5,800-க்குச் சரி செய்தேன். சார்ஜிங் ஐசி மாற்றியதாகச் சொன்னார்கள். பில் தரவில்லை. 20 நாளில் அதே கோளாறு. ‘தண்ணீர் போன போர்டுக்கு வாரன்டி கிடையாது’ என்கிறார்கள். இதற்காக மறுபடி மறுபடி பெங்களூரு போய் அலைய முடியுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அரிப்பு இன்று ஓரிடத்தில் நின்றாலும் நாளை வேறிடத்தில் தலைகாட்டும்; அதற்கெல்லாம் ஆறு மாத உத்தரவாதம் கேட்க முடியாது. ஆனால் மாற்றிய அதே ஐசி 20 நாளில் போனால் அது அவர்கள் செய்த வேலையின் குறை. இந்த வித்தியாசத்தை அவர்களிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், போனில் வேண்டாம். அதற்கு முன் தருமபுரியில் ஒருவரிடம் திறந்து காட்டி, ஐசி உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய இடத்தில் புது சோல்டரின் பளபளப்பும், சோல்டர் செய்யத் தடவும் ஃபிளக்ஸின் கறையும் பெரும்பாலும் தெரியும்.

பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அதுவே ஆதாரம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பெங்களூரில் இருப்பதால் வழக்குக்கும் அங்கேதான் போக வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய 1986 சட்டத்தில் அந்தச் சிக்கல் இருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், உங்களுக்கு தருமபுரி. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஓசூரில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறேன். ஏற்கனவே தண்ணீர் பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், சூளகிரி

பதில்: பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்க வேண்டாம். பல லேப்டாப்களில் உள்ளே தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறு ஸ்டிக்கர் இருக்கும். அது சிவந்திருக்கிறதா, கிழித்து எடுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டர் ஓரங்களில் பச்சைப் பூப்பும், திருகுத் தலைகளில் துருவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். மறுபடி சார்ஜர் செருகி, சதவீதம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். டிராக்பேட் மேலே தூக்கி நின்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தியோ சார்ஜ் போட்டோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.