பெடியளுக்கு முதலில் பல்ப், பிறகு எஞ்சின்

கோண்டாவில் பக்கம் ஜெனரேற்றர் திருத்தகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) நாலாம் தரம் முடித்த இரண்டு பெடியள் நிற்கினம். வயரிங்கில் கெட்டிக்காரர். ஆனால் புதுக் கொன்ரோலர் பூட்டி புரோகிராம் பண்ணச் சொன்னால் அவுட்புட்டில் பிழை விடுகினம். இரண்டு கொன்ரோலர் எரிந்துபோச்சு. எப்படிப் பழக்கலாம்?"

கொன்ரோலர் என்பது கரன்ட் போனால் ஜெனரேற்றரைத் தானே ஓடவைத்து, வந்தால் நிறுத்தும் பெட்டி. அவுட்புட் என்பது அது கட்டளை கொடுக்கும் முனை. அதைப் புரோகிராம் பண்ண லப்ரொப்பைக் கையில் கொடுக்க முதல் ஒரு பலகையைச் செய்து கொடுங்கள். பிளைவுட் துண்டு ஒன்று, 12 வோல்ற் பற்றரி, பிளஸ்ஸில் 5 அம்பியர் பியூஸ், ஒரு கொன்ரோலர், ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 3 வாட் மீற்றர் பல்ப் ஒன்று. பல்ப்பின் கீழே 'எரிபொருள்', 'ஸ்ராட்டர்', 'மெயின்ஸ்', 'ஜெனரேற்றர்' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். இதில் பிழை விட்டால் பெரும்பாலும் எரிவது ஒரு பியூஸ்தான்.

எங்கள் மூத்த மெக்கானிக்மார் படித்த எஞ்சினில் நிறுத்துவதற்கு ஒரு லீவர் இருந்தது. கையால் இழுத்தால் நின்றது. இன்று அந்தக் கையின் வேலையைச் செய்வது அவுட்புட். கை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாமல் பாரம் ஏற்றினால் முறியும். உங்கள் கொன்ரோலர்களுக்கும் அனேகமாக இதுதான் நடந்திருக்கும்.

உதாரணத்துக்கு டீப்சீ 7320 என்ற கொன்ரோலரை எடுங்கள். எரிபொருள், ஸ்ராட்டர் ஆகிய ஏ, பி அவுட்புட்டுகள் 15 அம்பியர் வரை தாங்கும். சி, டி இரண்டும் தனி ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை மூடித் திறக்கும் சுவிச்) முனைகள், 250 வோல்ற்றில் 8 அம்பியர். ஈ முதல் மிச்சமெல்லாம் வெறும் 2 அம்பியர் டீசி. திருகாணிகள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரி இருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஈ அவுட்புட்டில் 230 வோல்ற் கொன்ராக்டர் (பெரிய கரன்ட்டுக்கான ரிலே) கொயிலைக் கொண்டுபோய்ப் பூட்டுகிறார்கள். கொம்பனிக்குக் கொம்பனி இன்னொரு வேறுபாடும் உண்டு: சில கொன்ரோலரின் அவுட்புட் பிளஸ்ஸைத் தரும், சிலது மைனஸ்ஸுக்கு இழுக்கும். கைநூலைப் பார்க்காமல் ஒரு வயரும் தொடக்கூடாது என்று கட்டாயமாகச் சொல்லிவையுங்கள்.

நான் பழகிய காலத்தில் கடற்கரைப் பக்கத்து ஐஸ் ஆலை ஒன்றில் எரிபொருள் சொலனொயிட்டை (எரிபொருளைத் திறந்து மூடும் மின்காந்தம்) நேரே கொன்ரோலரில் பூட்டினேன். அது இரண்டு கொயில் உள்ளது. உள்ளே இழுக்கும் கொயில் ஒரு நொடிக்குப் பல பத்து அம்பியர் எடுக்கும். பிடித்துவைக்கும் கொயிலுக்கு ஒரு அம்பியர் அளவே போதும். நான் இரண்டையும் ஒன்றாக முறுக்கிக் கட்டியிருந்தேன். இரண்டு நிமிடத்தில் வார்னிஷ் கருகிய மணம் வந்தது. சொலனொயிட் தொட முடியாத சூடு. அன்றிரவு முழுக்க ஆலை நின்றது. இழுக்கும் கொயிலுக்குத் தனி ரிலே வேண்டும், ஒரு நொடியில் அது விட வேண்டும் என்பதை அந்த மணத்தோடுதான் படித்தேன். உங்கள் பெடியள் அதைப் பலகையிலேயே படிக்கட்டும்.

ஆகவே கொன்ரோலருக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் இடையில் ஒரு ரிலே. அதன் கொயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோட், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். கொயில் விடும்போது எழும் எதிர் வோல்ற்றேஜ் 12 வோல்ற்றுக்குள் நிற்காது, நூற்றுக்கணக்கில் பாயும். மலிவான சின்ன டயோட்தானே என்று விட்டுவிடுவார்கள்; அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

அடுத்தது புரோகிராம். ஒரே அவுட்புட்டை 'மின் கொடு' என்றும் 'மின் எடு' என்றும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 'மின் எடு' என்று போட்டால் கட்டளை வராத நேரமெல்லாம் பல்ப் எரியும். பிறகு பற்றரி வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்: "கொன்ரோலர் செத்தால் இந்த எஞ்சின் நிற்குமா, ஓடுமா?" சில எஞ்சின் மின் கொடுத்தால் ஓடும், சிலது மின் கொடுத்தால் நிற்கும். இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரை உண்மையான பனலில் கை வைக்க விடாதீர்கள்.

மெயின்ஸ் கொன்ராக்டர் சி அவுட்புட்டில் வருவதற்கும் காரணம் உண்டு. அது சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனை. கொன்ரோலர் பழுதானாலும் வீட்டுக்கு மின்சார சபைக் கரன்ட் வரும். ஆனால் மெயின்ஸ், ஜெனரேற்றர் ஆகிய இரண்டு கொன்ராக்டரும் ஒன்றாக மூடாமல் தடுக்க புரோகிராமை மட்டும் நம்பவே கூடாது. மெக்கானிக்கல் இன்ரர்லொக்கும், ஒன்றின் துணை முனை வழியாக மற்றதன் கொயிலும் கட்டாயம். ஜெனரேற்றர் கரன்ட் லைனுக்கு ஏறினால், தூணில் நிற்கும் லைன்காரரின் உயிர் போகும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அவசரத்தில் பூட்டிய சில பனல்களில் இந்த இன்ரர்லொக் இல்லாததை நானே பார்த்தேன். உங்களிடம் திருத்த வரும் ஒவ்வொரு பனலிலும் இதை முதலில் பாருங்கள். அவசர நிறுத்தப் பொத்தானும் அப்படித்தான்: எரிபொருளுக்கும் ஸ்ராட்டருக்கும் போகும் பிளஸ்ஸையே அது அறுக்க வேண்டும், செய்தி மட்டும் சொன்னால் போதாது.

கடைசிப் பாடத்துக்கு கொன்ரோலரின் மெயின்ஸ் முனைக்கு ட்ரிப் சுவிச், 2 அம்பியர் பியூஸ் வழியாக 230 வோல்ற் கொடுங்கள். திருகாணிகளை மூடிவிடுங்கள். கொன்ரோலரை 'ஓட்டோ' (தானியங்கி) நிலையில் வைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பெடியள் மணிக்கூட்டைப் பார்த்து எழுதட்டும்: எரிபொருள் பல்ப் எப்போது, ஸ்ராட்டர் பல்ப் எத்தனை நொடி, ஓய்வு எத்தனை நொடி. எஞ்சின் இல்லாததால் மூன்று தரம் முயன்று 'ஸ்ராட் ஆகவில்லை' என்று நிற்கும். எழுதியது புரோகிராமில் போட்ட எண்ணோடு பொருந்தாவிட்டால், ஏன் என்று அவர்களே தேடட்டும். பிறகு அவர்கள் தேநீர் குடிக்கப் போகும்போது நீங்கள் ஒரு வயரை மாற்றிவையுங்கள்; பிழையை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எஞ்சினில் பூட்டும் நாளில் எந்த முனை, என்ன வேலை, மின் கொடுத்தா எடுத்தா, எத்தனை அம்பியர் என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு பனல் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். புரோகிராம் கோப்பின் பிரதி ஒன்று உங்கள் கடையில் இருக்கட்டும்.