ஃபாகர் வாங்குவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: மொடக்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு ஆறு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினக் கறவைகளும், அடுத்த மாதம் ஈன வேண்டிய ஒரு வற்றிய சினைமாடும் இருக்கின்றன. கட்டுத்தறி சிமெண்ட் அட்டை போட்டது, எட்டடி உயரம். வெயில் படாமல் இருக்க மூன்று பக்கமும் பச்சை வலை கட்டியிருக்கிறோம். மாசியில் இரண்டு வேளையும் சேர்த்து 70 லிட்டர் ஊற்றினோம், சித்திரையில் 48-க்கு இறங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் எல்லா மாடும் நின்றுகொண்டே இரைக்கின்றன. ஃபாகர் (பனி போலத் தண்ணீர் தூவுகிற கருவி) போட்டால் பத்து டிகிரி குறையும், 55 ஆயிரம் ஆகும், பாதிப் பணம் மானியமாகத் திரும்பி வரும் என்று ஒருவர் சொல்கிறார். குளிர்ச்சிப் பவுடர் ஒன்றும் தருகிறார். வாங்கலாமா? இல்லை, இரண்டு மாட்டைத் தள்ளிவிடலாமா?

பதில்: வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

எல்லா மாடும் ஒரே நேரத்தில் இரைக்கிறது என்றால் அது வெயில்தான். ஒரு மாடு மட்டும் இரைத்தால் காய்ச்சலாக இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்தக் குளிர்ந்த நேரத்திலும் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அது வேறு விஷயம்.

மாட்டின் பெரிய வயிறு ஓர் அடுப்பு. உள்ளே போகிற தீனி நொதித்துக்கொண்டே இருப்பதால் சூடு வந்துகொண்டே இருக்கும். எச்.எஃப். ரத்தம் அதிகமுள்ள மாட்டுக்கு 25 டிகிரி செல்சியஸ் வரைதான் சௌகரியம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது தன் அடுப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதாவது தீனியைக் குறைக்கிறது. பாலும் கூடவே இறங்குகிறது. இன்றைய வெயிலுக்கான பால் இன்றைக்கே குறையாது, இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பலரும் நேற்று போட்ட புண்ணாக்கைக் குற்றம் சொல்கிறார்கள்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் மாடு சிரமப்படுகிறது. 80-க்கு மேல் போய், வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டால் ஆபத்து. மதியம் எண்ணினால் மட்டும் போதாது, இரவு ஒன்பது மணிக்கும் எண்ணுங்கள். பகலில் ஏறிய சூட்டை மாடு ராத்திரியில்தான் இறக்கிவைக்கிறது. ராத்திரியும் 60-க்கு மேல் இருந்தால் உங்கள் கட்டுத்தறி மூச்சுவிடவில்லை என்று அர்த்தம். எட்டடி உயரத்தில் அட்டை, மூன்று பக்கமும் வலை என்கிறீர்கள். எண்ணிப் பார்க்காமலே எனக்கு விடை தெரிகிறது.

இப்போது அந்த ஃபாகர். இதை விற்பவர்கள் எல்லா இடத்திலும் ஒரே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு வந்து, நாலு நாசிலை ஓடவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுவார்கள். எட்டு, பத்து டிகிரி இறங்கும். நனைந்த தெர்மாமீட்டர் இறங்காமல் என்ன செய்யும்? ஈரத்துணியைச் சுற்றி வைத்தாலும் இறங்கும். காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தப் பனி போன்ற தூவல் மாட்டின் தோலுக்குப் போய்ச் சேராது, மயிரின் நுனியில் மட்டும் படிந்து நிற்கும். பக்கமெல்லாம் அடைத்த கொட்டகையில் அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. ஒரு மணி நேரத்தில் உள்ளே இட்லிப்பானை மாதிரி ஆகிவிடும். அப்புறம் வியர்வையும் மூச்சும் காய்ந்தால்தானே மாடு குளிரும்? ஈரம் நிறைந்த காற்றில் எதுவும் காயாது.

நானும் ஒருகாலத்தில் ஒரு பண்ணைக்கு இதைப் பரிந்துரைத்தேன். சுவர் வைத்த கொட்டகை, விசிறி இல்லை. மூன்றாம் நாள் இரண்டு மாடு படுத்துவிட்டன. உங்கள் பக்கத்தில் போர் தண்ணீரும் உப்பு. அந்த ஊசிமுனை நாசில்கள் உப்புப் படிந்து ஒரு மாதத்துக்குள் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பாருங்கள், எடுக்க மாட்டார்.

மானியம் என்று அவர் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுங்கள். திட்டம் இருக்கிறதா, இந்த ஆண்டு பணம் வந்திருக்கிறதா என்பதைக் கால்நடை மருந்தகத்தில் நேரில் கேளுங்கள். இடையில் ஒருவர் நின்று 'வாங்கித் தருகிறேன்' என்றால் பணம் போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாளி காட்டுகிறீர்கள்? நான் போகிற இடங்களில் 12 லிட்டர் வாளியில் நாலு வாளி என்பார்கள். அது 48 லிட்டர். பத்து லிட்டர் கறக்கிற மாடு இந்த வெயிலில் நூறு லிட்டர் பக்கம் குடிக்கும். எப்போதும் நிறைந்திருக்கிற தொட்டி ஒன்று, நிழலில், ராத்திரியும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். மாடியில் கறுப்பு டேங்க், வெயிலில் கிடக்கிற குழாய், அதிலிருந்து வருகிற கொதிதண்ணீர் என்றால் எந்த மாடு குடிக்கும்? டேங்குக்கு மேல் கீற்றுப் போடுங்கள், குழாயை மண்ணில் புதையுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

அடுத்து, இன்றைக்கே அந்தப் பச்சை வலையை அவிழ்த்துவிடுங்கள். வெயிலை மறைக்கிறேன் என்று காற்றை மறைத்துவிட்டீர்கள். மேற்கு வெயில் உள்ளே அடிக்கிறது என்றால் அந்தப் பக்கம் மட்டும் மதியம் இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுங்கள். அட்டையின் மேல்புறம் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது தென்னங்கீற்றைப் பரப்புங்கள். உங்கள் ஊரில் கீற்றுக்கா பஞ்சம்? அட்டை சூடேறினால் கீழே நிற்கிற மாட்டின் முதுகில் அடுப்புக்கு முன் நிற்பது போல அனல் அடிக்கும். கொட்டகையை உயர்த்துவது அடுத்த ஆண்டுக் கதை.

பிறகு நனைத்தல். ஹோஸை வைத்து முதுகிலும் விலாவிலும் தோல் வரை நனையும்படி இரண்டு நிமிடம். அதன் மேல் விசிறிக் காற்று பத்துப் பதினைந்து நிமிடம். காய்ந்ததும் மறுபடி. பதினோரு மணியிலிருந்து ஐந்து மணி வரை நாலைந்து முறை செய்தால் போதும். தண்ணீர் வழிந்து மடிக்கு இறங்கக் கூடாது, மடிநோய் வரும். விசிறி இல்லாமல் நனைக்கவே நனைக்காதீர்கள். ஆறு மாட்டுக்குச் சுவரில் மாட்டுகிற பெரிய விசிறி இரண்டு போதும், அந்த 55 ஆயிரத்தில் மிச்சம் நிறையவே இருக்கும். எர்த் கம்பி மட்டும் சரியாக இருக்கட்டும். ஈரத்தரையில் நிற்கிற மாட்டுக்கு லேசான ஷாக்கே போதும்.

அடர்தீவனத்தையும் பசுந்தீவனத்தையும் விடியலிலும் இரவிலும் போடுங்கள், சோளத்தட்டு இரவில் மட்டும். நடுப்பகலில் தொட்டி நிறையப் போட்டால் அடுப்பில் விறகு வைப்பதுதான். தின்னவில்லையே என்று தட்டைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டிவிடாதீர்கள். வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பும் இறங்கும்.

குளிர்ச்சிப் பவுடரின் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் சோடா உப்பு (ஆப்பச் சோடா), சாதா உப்பு, குளுக்கோஸ், கொஞ்சம் வைட்டமின் என்றுதான் இருக்கும். இரைக்கிற மாடு எச்சிலை ஒழுகவிடுவதால் வயிற்றுப் புளிப்பை அடக்குகிற சரக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் சோடா உப்பு கொடுப்பது நல்லதுதான். நாளைக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து அடர்தீவனத்தில் கலந்து கொடுங்கள். சாதா உப்பு 30 கிராம் கூட்டிப் போடுங்கள். மளிகைக்கடையில் கிடைக்கிற பொருளுக்குக் கலர் பொட்டலம் எதற்கு?

ஆனால் அந்தச் சினைமாட்டுக்கு சோடா உப்பு கொடுக்கவே கூடாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஈனுவதற்கு முந்தைய மூன்று, நாலு வாரங்களில் சோடா உப்பு கொடுத்தால், ஈன்றதும் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிற சக்தி மாட்டுக்குக் குறைந்துவிடும். கன்று போட்ட மறுநாளே பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் இறங்குகிற நோய், வந்து படுத்துவிடலாம். கறவைக்கு நல்லது சினைமாட்டுக்கும் நல்லதுதானே என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதனால் அதன் தீவனத்தை வேறு பாத்திரத்தில், வேறு நேரத்தில் வையுங்கள். சோடாவைத்தான் நிறுத்தச் சொன்னேன், நிழலையும் விசிறியையும் அல்ல. வற்றிய மாடுதானே என்று அதைக் கொண்டுபோய்ப் பின்னால் தகரத்துக்கு அடியில் கட்டியிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வற்றுக்காலத்தில் வெயில் தாங்கிய மாட்டுக்கு மடிக்குள் பால் சுரக்கிற திசு சரியாக வளராது, அடுத்த ஈத்து முழுக்கப் பால் குறைவாகவே கறக்கும். பிறக்கிற கன்றும் எடை குறைவாக இருக்கும். விசிறிக்குக் கீழே முதல் இடம் அதற்குத்தான்.

பால் ஊற்றுகிற இடத்தில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைந்துவிட்டது, தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்டிருப்பார்களே? வெயிலில் எஸ்.என்.எஃப். இறங்கும் என்பது முதல் வருடப் பாடம். ஆனால் விலை அட்டைக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான். வெயிலுக்கும் சேர்த்து உங்களிடமே அபராதம் வாங்குகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கடைசியாக விற்பனை. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப். என்பதுதான் நம் மாநிலத்தின் இனப்பெருக்கக் கொள்கை. ஆனால் குளிர்காலத்தில் கர்நாடகத்திலிருந்து எச்.எஃப். மாட்டை இறக்கி, ஒரு வேளை கறக்காமல் மடி கட்டி, இருபது லிட்டர் என்று துண்டுக்கடியில் விரல் பிடிக்கிற தரகர்களே சித்திரையில் வந்து 'இது இனித் தேறாது' என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். மழை விழுந்ததும் அதே மாட்டை வேறு ஊரில் விற்பார்கள். கன்று போட்டு நாலு மாதத்துக்குள் இருக்கிற மாடு, குளிர்ந்த பிறகு ஓரளவு மீளும். கறவையின் கடைசிப் பகுதியில் இருக்கிற மாட்டிடம் இந்த ஈத்தில் எதிர்பார்க்காதீர்கள். இனிமேல் சினை ஊசி போடும்போது ஜெர்சி கேளுங்கள். பருவமும் இந்த வெயிலில் குறைந்த நேரமே நிற்கும், அதுவும் ராத்திரியில். அதனால் படுக்கப் போகுமுன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எந்த மாடாவது தள்ளாடினாலோ, உடல்சூடு 106-ஐத் தாண்டினாலோ உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நிழலில் நிறுத்தி, காலிலிருந்து தொடங்கி உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், விசிறியும் ஓடட்டும். வாயைப் பிளந்து தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். இரைக்கிற மாட்டுக்குப் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.