தேளி விரால் என்பது விரால் அன்று

வணக்கம். ‘தேளி விரால்’ என்று சொல்லி உங்களுக்கு விற்கப்பட்ட மீனுக்குச் செதில் இல்லை, மீசை இருக்கிறது, இது விரால்தானா என்று கேட்டிருந்தீர்கள். விராலுக்கு உடல் முழுதும் செதில் உண்டு, மீசை கிடையாது; ஆகவே உங்களிடம் இருப்பது கெளுத்தி இனம். தேளி என்பது நம் குளங்களில் வாழும் ஒரு கெளுத்தியின் பெயர். அதன் மார்புத் துடுப்பு முள் நஞ்சுடையது என்பதாலும், குத்தினால் தேள் கொட்டியதைப் போலக் கடுக்கும் என்பதாலும் அப்பெயர் அமைந்ததாகக் கொள்வதே பொருத்தம். தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. உங்கள் மீனுக்கு அது வால்வரை நீண்டிருந்து, உருவமும் பெரிதாக இருந்தால், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியாகவே இருக்கும். நீண்ட உடலும், காற்றைச் சுவாசித்துத் தொட்டியில் உயிரோடு கிடக்கும் இயல்பும் விராலுக்கும் உண்டு என்பதால் அப்பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து. உள்நாட்டு மீன்களைத் தின்றழிக்கும் இதை வளர்க்க இந்தியாவில் தடை உள்ளது. தயவுசெய்து வாங்காதீர்கள், உயிரோடு குளத்திலும் விடாதீர்கள்.