புரொபேஷன் கடிதம் வந்தால் விசா போய்விடுமா?

கேள்வி: மகன் அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர் முடித்திருக்கிறான். ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.67 என்பதால் ‘அகாடமிக் புரொபேஷன்’ கடிதம் வந்திருக்கிறது. விசா போய்விடுமா? ஒரு பாடத்தை விட்டுவிடட்டுமா என்கிறான்.

பதில்: போகாது. புரொபேஷன் எச்சரிக்கைதான், படிப்பிலிருந்தே நீக்கினால்தான் எஃப்-1 என்ற மாணவர் விசா நிலைக்கு ஆபத்து. முதுகலைக்குப் பெரும்பாலும் 3.0 வேண்டும். பி, பி மைனஸ், சி பிளஸ் வாங்கினால் (3.0 + 2.7 + 2.3) சராசரி 2.67 வரும். அடுத்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 10 புள்ளி எடுத்தால், அதாவது ஏ மைனஸ், பி பிளஸ், பி வாங்கினால், கணக்கு சரியாக 3.0-இல் நிற்கும். எட்டாத உயரமில்லை.

பாடத்தை விடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கைவிட்ட பாடம் ஜி.பி.ஏ.வைக் குறைக்காது என்று நம்பி கணினியில் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் எண்) முழுநேர அளவுக்குக் கீழே இறங்கியதும் விசா விதிமீறலாகிவிடுகிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி முதலில், பட்டன் பிறகு. பழக்கமில்லாத கற்பித்தல் முறை, பொருந்தாத நிலைப் பாடம் போன்ற காரணங்களுக்கு அந்த அனுமதி கிடைக்கும். ஆனால் ஒரு படிப்பு நிலையில் ஒருமுறைதான். முழுநேர அளவில் பாதி கிரெடிட்டாவது மிஞ்ச வேண்டும்.

சி பிளஸ் வந்த பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் நீங்குமா, சராசரியில் சேருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பதிவுக்கு முன்பே ஆலோசகரிடம் மகன் கேட்கட்டும். உதவித்தொகை வேலை இருந்தால் அதற்கும் 3.0 நிபந்தனை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே போன் செய்து பயனில்லை. மகன் எழுத்தில் சம்மதம் தராதவரை கல்லூரி பொதுவாக அவர் மதிப்பெண்களைப் பற்றி உங்களிடம் பேசாது.