செல்ஃப் எடுக்காத பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டனை அழுத்தினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சத்தம் ரிலேயிலிருந்து, அதாவது மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்சிலிருந்து வருகிறது. ரிலே ஒட்டியதும் மோட்டார் பெரும் கரண்ட்டை இழுக்கும். வோல்டேஜ் சட்டென்று விழ, ரிலே விட்டுவிடும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறி, ரிலே மறுபடி ஒட்டும். பட்டனை விடும்வரை இதே கதைதான். ஆக, முதல் சந்தேகம் பேட்டரி மீதும் அதன் கேபிள்கள் மீதும்தான் விழ வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் தொடுங்கள். வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால், நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். ஆனால் இது மட்டும் போதாது. பழுதான பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டலாம். மீட்டரை எடுக்காமல் பட்டனை அழுத்திப் பாருங்கள். 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை சார்ஜ் செய்து மறுபடி சோதியுங்கள். 5 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரிக்கு 0.5 ஆம்பியர் போதும், அவசரப்பட்டு ஏற்றினால் கெட்டுவிடும்.

அழுத்தும்போதும் 11-க்கு மேலே நின்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, கரண்ட் வழியில் தடைபடுகிறது. பட்டனை அழுத்தியபடியே பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பாடியின் சுத்தமான உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். பிளஸ் பக்கம் பேட்டரி முனையிலிருந்து மோட்டார் முனை வரை 0.5-க்குள் இருக்க வேண்டும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

ஒரே ஒரு 'டிக்', பிறகு சத்தமே இல்லை. லைட் பிரகாசமாக எரிகிறது.

கியரை நியூட்ரலில் போட்டு, பட்டனை அழுத்தியபடி மோட்டார் முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். வோல்டேஜ் வரவில்லையென்றால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும். 10-க்கு மேல் வந்தும் சுற்றவில்லையென்றால் மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால், முழு மோட்டாரை வாங்க வேண்டியதில்லை.

ரிலே முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்ப்பது வேண்டாம். பெட்ரோல் கசிவு இருந்தால் ஒரு பொறி போதும்.

தண்ணி சர்வீஸ் விட்டு வந்ததிலிருந்து 'டிக்' கூட இல்லை.

கிளட்ச் லீவர் அடியிலுள்ள சின்ன ஸ்விட்ச்சையும், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்சையும் பாருங்கள். உள்ளே தண்ணீரோ சேறோ போயிருக்கும். காற்றடித்துக் காயவைத்து, காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மோட்டார் 'விர்' என்று ஓடுகிறது, இன்ஜின் சுற்றவில்லை.

மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. மின்சாரத்தில் தேட வேண்டாம், மேக்னெட் பக்கக் கவரைக் கழற்ற வேண்டிய வேலை.

புது பேட்டரியும் ஒரு மாதத்தில் இறங்கிவிடுகிறது.

இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனைகளில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐயே தொடவில்லையென்றால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரையும் சோதியுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியை அதுதான் வேகவைக்கிறது.

சார்ஜிங் சரியாக இருந்தால், சாவியை எடுத்துவிட்டு மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து அந்த இடைவெளியில் இணையுங்கள். சில மில்லி ஆம்பியர்தான் வர வேண்டும். அதிகம் என்றால் ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர் என்று பிறகு பொருத்தியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கிக்கர் இல்லாத பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியைத் தள்ளி எடுக்கலாமா?

பேட்டரி கொஞ்சமாவது மீதமிருந்தால் இரண்டாவது கியரில் எடுக்கும். முற்றிலும் செத்திருந்தால் பெட்ரோல் பம்பும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் விழிக்காது, எவ்வளவு தள்ளினாலும் வீண்.